வெறுங்கயிறோடு போன எமன்

இசக்கிபாண்டி எங்கள் தெருவுக்கு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கு இந்த வல்லம் வடகால் பக்கம் வந்து அவன் பேரைச் சொல்லிக் கேளுங்கள். "எந்த இசக்கி? எமன் இசக்கியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். புழுவைக்கூடத் தாண்டிப் போகிற பிள்ளைக்கு அப்படி ஒரு பேர் வந்தது போன நவராத்திரியில்.

அவனுக்கு ஊர் உடன்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். இங்கே கார் கதவு செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கதவைச் சுற்றி ரப்பர் பொருத்துவான். லைனில் கதவு வந்துகொண்டே இருக்கும், இவன் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தாலும் கட்டைவிரல் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே என் பூக்கூடையின் விளிம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டு வருவான். "டேய், அது கதவு இல்லடா" என்றால் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொள்வான்.

நான் பொன்னியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, "யக்கா, ஒரு முழம்" என்பான். அது எனக்கு இரண்டாம் தடவைதான் காதில் விழும். ஆளும் ஒல்லி, குரலும் ஒல்லி. சாம்சன் டீக்கடையில் அவன் கேட்ட டீ, அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் வரும். "வாயத் தொறந்து கேளுடா, நான் இன்னா கனவா கண்டுக்கினு இருக்கேன்?" என்று சாம்சன் கத்துவார். இவன் அதற்கும் சிரிப்பான்.

தங்கியிருப்பது செங்கமலம் வீட்டு மாடி ரூமில். தெற்கத்திப் பையன்கள் சிலர் சேர்ந்து இருக்கிறார்கள். ஒருத்தன் ஷிப்ட்டுக்கு எழுந்து போனால் இன்னொருத்தன் அதே பாயில் வந்து படுப்பான். செங்கமலம் வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. அவள் வீட்டுக்காரர் கன்னியப்பன் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர். போன ஆடியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்மன் புண்ணியம், வேனை ஓரம்கட்டிவிட்டுத்தான் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, மெதுவாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். செங்கமலம்தான் விடவில்லை. வேன் சாவியைப் பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மனுஷன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, நிற்கிற வேனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

புரட்டாசி பிறந்ததும் இசக்கி கழுத்தில் துளசி மாலை ஏறியது. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் தானே பொங்கியது. ஊருக்குப் போய்வந்த சிநேகிதன் ஒருவன் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் காப்புக்கயிறு கொண்டுவந்தான். அதை எங்கள் பொன்னியம்மன் காலடியில் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்போதுதான் கேட்டேன், என்ன வேண்டுதல் என்று.

"எங்கப்பா நெல்லையப்பனை மினி லாரி அடிச்சுப் போட்டுட்டுக்கா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கண்ணு முழிக்காமக் கெடந்தாரு. டாக்டருமாரு கையை விரிச்சிட்டாங்க. நான் முத்தாரம்மாட்ட, எமன் எங்கப்பாவை விட்டுட்டுப் போயிட்டாம்னா, அந்த எமன் வேஷத்தையே கட்டி மூணு தசரா உன் சன்னதிக்கு வாரேன்னு நேர்ந்துக்கிட்டேன். அப்பா எந்திரிச்சிட்டாரு. இப்பம் கம்பு ஊனி நடக்காரு. இது மூணாம் வருசம்."

அவர்கள் பக்கத்தில் தசராவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் காளி, குரங்கு, ராஜா, குறத்தி என்று வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்டு வாங்குவார்களாம். வாங்கியதைப் பத்தாம் நாள் முத்தாரம்மன் உண்டியலில் சேர்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துத் திரும்ப வேண்டும். சொந்தச் சம்பளத்தைப் போட்டால் ஆகாது. வேஷத்தோடு ஒரு தெருவாவது ஏறி இறங்கி, அடுத்தவர் வாசலில் நின்று, அவர்கள் கையால் வாங்கினால்தான் அது காணிக்கை.

"முதல் ரெண்டு வருசமும் ஊர்ல இருந்தேன், குழுவோட மேளம் அடிச்சுப் போனோம். இப்பம் ஆயுத பூஜைக்குத்தாம் லீவு. அதனால இங்கனயே கேட்டு வாங்கிட்டு, அன்னைக்கே பஸ் ஏறணும்க்கா. மூணாம் வருசம் முறிஞ்சு போச்சின்னா..." என்று நிறுத்தினான். அப்பாவை நினைத்துக் கண் கலங்கியது. விரல் என் கூடையை அழுத்த ஆரம்பித்தது.

கிரீடத்துக்குக் கம்பெனி அட்டைப்பெட்டி, ஜிகினா காகிதம். கதாயுதத்துக்குத் தடியும் சின்ன பிளாஸ்டிக் குடமும். கம்பளி நூலில் மீசை. பாசக்கயிறுக்கு மட்டும் செங்கமலத்திடம் போய், "யக்கா, பழைய கொடிக்கயிறு இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். துணி காயப்போடத்தான் கேட்கிறான் என்று நினைத்து, மாடியில் கட்டியிருந்த நீல நைலான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

நவராத்திரி நடுவில் ஒரு சாயங்காலம். பகல் ஷிப்ட் முடிந்து வந்து, கோயில் பின்பக்கம் முகத்துக்குக் கருநீலம் பூசிக் கிரீடம் வைத்துக்கொண்டான். எனக்கே பயமாக இருந்தது. முதல் வீடு தெரிந்த வீடாக இருக்கட்டும் என்று செங்கமலம் வாசலில் போய் நின்றான்.

நின்றான், அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. ஊரில் மேளம் முழங்கும், குழுத் தலைவர் எதையோ சொல்லிக் குரல் கொடுப்பார், இவன் தட்டை நீட்டுவான். இங்கே மேளமும் இல்லை, தலைவரும் இல்லை.

கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சுண்டல் தட்டோடு வெளியே வந்த செங்கமலம், எமன் சத்தமில்லாமல் வாசலில் நிற்பதைப் பார்த்தாள். சுண்டல் தெருவெல்லாம் உருண்டது.

"ஐயையோ! அம்மா தாயே! யார்றா நீ?"

"நாந்தாம்க்கா. இசக்கி."

"இசக்கியா? அடப்பாவி! ஆடியிலதான் அந்த மனுஷன் பொழைச்சு வந்தாரு, நீ எமனாட்டம் வந்து நிக்கறியே!" அவள் கண் அவன் தோளுக்குப் போனது. "இன்னாடா அது? என் கொடிக்கயிறா? என் வூட்டுக் கயிறையே எடுத்துக்கினு என் வூட்டுக்காரருக்கே வந்தியா?"

உள்ளேயிருந்து கன்னியப்பன், "யாரு செங்கமலம்?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல! நீ வெளிய வராத!" என்று கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகத் தணிந்த குரலில், "டேய், நீ இசக்கியா வா, எத்தினி தடவ வேணா வா, சோறு போடறேன். எமனா மட்டும் இந்த வாசலை மிதிக்காத. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்" என்றாள். அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு இசக்கி கிரீடத்தைக் கழற்றிக்கொண்டான்.

மற்ற வீடுகளும் அப்படித்தான். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த தாய், "பாத்தியா, துன்னலன்னா அவன்கிட்டக் குடுத்துருவேன்" என்றாள். அந்தப் பிள்ளை மிச்சச் சோற்றையெல்லாம் ஒரே மூச்சில் விழுங்கிற்று. அந்த வீட்டுக்கு மட்டும் அன்றைக்கு எமனால் நன்மை.

தெருவில் கிடைக்காதது ரோட்டுக் கடைகளில் கிடைக்குமா என்று மறுநாள் ஒரகடம் சிக்னல் பக்கம் போனான். அங்கே வேறு கூத்து. சர்க்கார் ஹெல்மெட் பிரசாரத்துக்கு எமன் வேஷத்தில் ஆள் நிறுத்துவது உண்டல்லவா, அந்த எமன் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இவன் தட்டை நீட்டினால், "போட்டுட்டேன் சார், போட்டுட்டேன்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறந்தார்கள். ஹெல்மெட் இல்லாத ஒருத்தன் சாப்பாட்டுப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். டிராபிக் போலீஸ்காரருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம வாயி தண்ணி வத்திப் போவுது, ஒருத்தனும் கேக்கறதில்ல. நீ தெனமும் வாப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். விரதம் என்று இவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. யாரோ ஒரு கம்பெனி சேஃப்டி ஆபீசர் காரை நிறுத்தி, "எங்க சேஃப்டி வாரத்துக்கு வர்றியா? சம்பளம் தர்றோம்" என்றார். நூறு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தட்டில் ஒன்றும் விழவில்லை.

அன்றைக்குச் சாம்சன் கடை பெஞ்சில் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எமன் அழுதால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கருநீலத்தில் இரண்டு கோடு.

"இன்னாடா, உன்னையே தூக்கிக்கினு போக ஆள் வந்துட்டானா?" என்று கேட்ட சாம்சன், பக்கத்தில் வந்து பார்த்ததும் குரலைத் தணித்தார். இவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அடேய், நாங்க டிசம்பர்ல கேரல் போறோம், வூடு வூடா. வாசல்ல நின்னு முதல்ல பாட்டு பாடுவோம். பாட்டைக் கேட்டுத்தான் கதவைத் தொறப்பாங்க. நீ ஊமையாட்டம் நின்னா, எவன் வூட்ல எமனுக்குக் கதவு தொறப்பான்? உங்க ஊர்ல ஏதோ சொல்லுவாங்கன்னியே, இன்னா அது?"

இசக்கி முணுமுணுத்தான்.

"கேக்கல."

மறுபடி முணுமுணுத்தான்.

"பாய்லர் சத்தம்கூட உன்னவிடப் பெருசு. போடா. கடை வாசலும் வாசல்தானே, நீட்டு தட்டை." சாம்சன் கல்லாவிலிருந்து எடுத்துப் போட்டார். எங்கள் ஊரில் இந்த எமனுக்குக் காணிக்கை போட்ட முதல் ஆள் சர்ச்சுக்குப் போகிற சாம்சன்தான். நானும் போட்டேன். அதைத் தவிர ஆயுத பூஜை வரைக்கும் அந்தத் தட்டில் வேறு ஒன்றும் சேரவில்லை. அவன் கேட்டு வாங்க வேண்டிய தெரு அப்படியே இருந்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். சாணை பிடிக்கிற மிஷினுக்கும் மாலை, மாவு அரைக்கிற மிஷினுக்கும் மாலை. ஆட்டோ, பைக், ஜேசிபி எல்லாம் குளித்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கும். தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய், பொரி, கற்பூர வாசனை. காலையில் இசக்கி கம்பெனிக்குப் போய், லைன் பூஜை முடித்து, ஸ்வீட் பாக்ஸும் பொரிப் பொட்டலமுமாக வந்து ரூம் பையன்களிடம் கொடுத்துவிட்டான். மறைமலை நகரில் சாயங்காலம் பஸ். அதற்குள் கடைசியாகப் பக்கத்துத் தெருவில் கேட்டுப் பார்க்கலாம் என்று கோயில் பின்னால் வேஷம் கட்டினான். செங்கமலம் பயப்படக் கூடாது என்று, ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகக் கிளம்பினான்.

அந்த நேரம் செங்கமலம் வீட்டு வாசலில் வேனுக்குப் பூஜை. இத்தனை வருஷம் சோறு போட்ட வண்டி, பூஜை போடாமல் விட முடியுமா? பூஜைக்குச் சாவி வேண்டுமே. அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்த சாவி அன்றைக்கு வெளியே வந்து, தாம்பாளத்தில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. கன்னியப்பன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர், நிமிரும்போது கோயில் மூலையில் கிரீடத்தைப் பார்த்துவிட்டார்.

"யோவ் எமா! எங்கய்யா நைசா சுத்திக்கினு போற? இங்க வா!"

இசக்கி தெரு நடுவு வரைக்கும் வந்தான். செங்கமலம் கையிலிருந்த கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"வேணாம்னு சொல்லியிருக்கேன்ல! அவனை ஏன் கூப்பிடற?"

"நீ சும்மாரு செங்கமலம். இவன் மெனக்கெட்டு ஆடியில வந்தான். நான் பாத்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல நின்னுக்கினு என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, போயிட்டான். அப்போ ஒண்ணும் குடுக்காம அனுப்பிட்டேன். இப்போ தேடிக்கினு வந்திருக்கான், இப்பவும் வெறுங்கையா அனுப்பினா நல்லாவா இருக்கும்?" என்று சட்டைப் பையில் கையை விட்டார்.

"அண்ணாச்சி, அக்கா வேண்டாங்காங்க. நான் போறேன்" என்றான் இசக்கி. பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. தட்டில் தெருக்காசு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவள் வாசலை மிதிக்காமல் தெரு நடுவிலேயே நின்றான்.

"டேய் இசக்கி!" டீக்கடையிலிருந்து சாம்சன் கையை வாயில் குவித்துக் கத்தினார். "உங்க ஊரு வார்த்தைய சொல்லுடா! இப்போ சொல்லலன்னா எப்போ சொல்லுவ? எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு!"

இசக்கி கண்ணை மூடினான். காப்புக்கட்டிய கையால் துளசி மாலையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு குரல். அந்த ஒல்லி உடம்புக்குள் அது இவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ.

"எமன் வந்தேன்! காணிக்கை கண்டேன்! வெறுங்கயிறோட திரும்பிப் போறேன்! இந்த வாசலுக்கு இனி அம்மா காவல்!"

சொல்லிவிட்டு, தோளில் சுருக்குப் போட்டிருந்த அந்த நீலக் கயிற்றை எடுத்து, எல்லோரும் பார்க்கச் சுருக்கை அவிழ்த்து உதறினான். அது வெறும் கொடிக்கயிறாகத் தொங்கிற்று.

செங்கமலம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா சொன்ன? திரும்பிப் போறேன்னா சொன்ன?"

"ஆமாக்கா. அதுக்குத்தாம் எமன் வேஷம். எங்கூர்ல எமன் வாராம்னா வாசல் தொளிச்சு வச்சிருப்பாங்க. வாசலுக்கு வந்த எமன் காணிக்கைய வாங்கிட்டு வெறுங்கயிறோட போயிட்டாம்னா, அந்த வீட்டுல ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு? வாயில கொழுக்கட்டையா?" என்று அழுதுகொண்டே திட்டினாள். "அங்க தூரமா நின்னுக்கினு சொன்னா எப்படிச் செல்லும்? வாசல்ல வந்து சொல்லு. அவர் பேரையும் சேத்துச் சொல்லு."

இசக்கி வாசலில் ஏறி நின்று, கன்னியப்பன் பேர் சொல்லி இன்னொரு தடவை சொன்னான். அவள் உள்ளே ஓடி, இரண்டு கை நிறைய அரிசியும் வெற்றிலை பாக்கும் தட்சணையும் கொண்டுவந்து தட்டில் போட்டாள். கன்னியப்பன் தன் பங்குக்குப் போட்டுவிட்டு, "எமா, ஒரு விஷயம். இவ சமையல்ல உப்பே போட மாட்டேங்கறா. அதையும் கொஞ்சம் கேளு" என்றார். "முதல்ல ஆயுசு கெட்டியாவட்டும், நாக்கு ருசிய அப்பால பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

அவ்வளவுதான், மற்ற கதவுகள் திறந்துகொண்டன. "எங்க வூட்டுக்கு வா!" "இங்க வந்துட்டு அப்பால அங்க போ!" டிவி சத்தத்தைக் கூட்டிய வீட்டிலிருந்து, "என் மாமியா பேரும் சொல்லுப்பா, ஆனா அத மெதுவா சொல்லு" என்று ஒருத்தி. சோறு விழுங்கிய பிள்ளை தன் கையாலேயே ஒரு காசைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எமன் மீசையை இழுத்துப் பார்த்தது. இசக்கி ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினான். கத்தக் கத்தக் குரல் திறந்தது. ஊர் எமன்கள் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டாம், அதையும் சிரித்துப் பார்த்தான். ஒரு நாய் ஓடிற்று.

கடைசி வீட்டை முடித்துத் திரும்பும்போதுதான் அவனுக்குப் பஸ் ஞாபகம் வந்தது. முகம் வெளிறிப்போயிற்று. கருநீலத்துக்கு மேலேயே அது தெரிந்தது.

"யக்கா, பஸ் போயிருமே. ஷேர் ஆட்டோ ஒண்ணும் ஓடாதே இன்னைக்கு!"

உண்மைதான். எல்லா வண்டியும் மாலை போட்டுக்கொண்டு நின்றிருந்தது. எல்லா டிரைவரும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கன்னியப்பன் வேனைப் பார்த்தார். தாம்பாளத்தில் இருந்த சாவியைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

செங்கமலம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்து, கண்ணில் ஒற்றி, அவர் கையில் வைத்தாள்.

"டாக்டர் மெதுவாத்தான் ஓட்டச் சொல்லியிருக்காரு, நினைப்பிருக்கட்டும்."

"பயமா இல்லியா உனக்கு?"

"எமனே பக்கத்துல உக்காந்துக்கினு வரான். இன்னிக்கு வேற எவன் வரப்போறான்? ஏறு!"

எலுமிச்சம்பழம் நசுங்க வேன் நகர்ந்தது. முன் சீட்டில் எமன், மடியில் கிரீடம், கையில் காணிக்கைத் தட்டு. பின் சீட்டில் துணைக்கு நானும் செங்கமலமும். ஒரகடம் சிக்னலில் அந்த டிராபிக் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். எமன் சீட் பெல்ட் போட்டிருந்தான். "பாருங்கடா, பாருங்கடா! எமனே பெல்ட் போட்டிருக்கான்!" என்று அத்தனை வண்டிக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, எங்களுக்கு வழிவிட்டார். கன்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியைச் செங்கமலம் பார்த்துக்கொண்டே வந்தாள். மறைமலை நகர் வரும்போது அவள் தோள் தளர்ந்திருந்தது.

பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இசக்கியைப் பார்த்து, "சாமி, நீங்க மொத்த பஸ்ஸையும் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றார். இசக்கி ஏறி, ஜன்னல் வழியாக, "அக்கா! போயிட்டு வாரேன்!" என்று கூப்பிட்டான். முதல் தடவையே எனக்குக் காதில் விழுந்தது.

விஜயதசமி மறுநாள் போன் பண்ணினான். உண்டியலில் சேர்த்துவிட்டானாம். சம்ஹாரம் பார்க்க அவன் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிட்டாராம். மூன்றாம் வருஷம் நிறைந்துவிட்டது.

திரும்பி வந்ததும் துவைத்து மடித்த நீலக்கயிற்றை எடுத்துக்கொண்டு போய்ச் செங்கமலத்திடம் நீட்டினான். அவள் திட்டுவாளோ என்று நினைத்தேன். "அம்மன் சன்னதி பாத்த கயிறு" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாடியில் பழைய இடத்திலேயே கட்டினாள். இப்போது அந்தக் கயிற்றில் தினமும் கன்னியப்பனின் காக்கிச் சட்டை காய்கிறது.